வாட்ஸ் மட்டும் போதாது... ஓம் பார்த்தீர்களா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஆடியோ செட் வாங்க, மண்ணரையிலிருந்து திருப்பூர் டவுனுக்குக் கிளம்புகிறீர்களா? ரிசீவர் தனியாக, ஸ்பீக்கர் தனியாக வாங்குவதென்றால், இரண்டின் பின்பக்கத்தையும் முதலில் படியுங்கள்.

ஓம்: ரிசீவரில் '8 முதல் 16 ஓம்' என்று போட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் வேண்டாம். ஓம் பாதியானால் மின்னோட்டம் இரு மடங்காகும். ரிசீவர் சூடாகி நின்றுவிடும், பழுதும் ஆகலாம். ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கொடுத்தாலும் 4 ஓம்தான்.

வாட்ஸ்: பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் பிஎம்பிஓ கணக்கை நம்பாதீர்கள், ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். 'சின்ன ரிசீவர்தானே, ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை' என்பதும் தவறு. அதன் சக்திக்கு மேல் வால்யூமை ஏற்றினால் சத்தம் கரகரக்கும். முதலில் ட்வீட்டர்தான் கருகும்.

டெசிபல்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் கேட்கும் சத்தத்தின் அளவு இது. 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்ஸில் தரும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸிலேயே தந்துவிடும். பத்துக்குப் பத்து லைன் வீட்டுக்கு அதுவே அதிகம். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் பக்கத்து வீட்டுக்காரரையும் நினைக்க வேண்டுமே!

இந்த மூன்று எண்களும் பொருந்தினால் மட்டும் பணத்தை எடுங்கள். போனஸ் புகையாகாது.