மூடு என்றால் மூட வேண்டும்

விண்டோஸ் கணினியில் சாளரத்தின் வலது மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்துபவர் ஒரு வேலையை முடித்துக்கொள்ள விரும்புகிறார். சொற்செயலியில் அழுத்தினால், சேமிக்காத வரிகள் உண்டா என்று கேட்டுவிட்டு அது விடைபெறுகிறது. அரட்டைச் செயலிகள் பலவற்றில் மட்டும் அதே குறி வேறொன்றைச் செய்கிறது. சாளரம் மறைகிறது; செயலி தங்கிவிடுகிறது. கணினியைத் திறக்கும்போது அழைக்காமலே வந்து உட்கார்ந்த விருந்தாளி, கதவைச் சாத்திய பிறகும் திண்ணையிலேயே இருக்கிறார்.

இதை யாரோ எழுதிய நிரலின் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. டிஸ்கார்டில் பெருக்கல் குறியை அழுத்தினால் அது பணிப்பட்டையின் மூலைக்குப் போய் ஒளிந்துகொள்வதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் ‘மூடிய பிறகும் இயங்கிக்கொண்டிரு’ என்னும் பொருள்படும் தெரிவு உண்டு. குரோம் உலாவியிலும் அத்தகைய ஒன்று இருக்கிறது. 2025 மே மாதம் நிறுத்தப்பட்ட ஸ்கைப்பும் இதே வழக்கத்தைக் கொண்டிருந்தது. ஆகவே இது ஒரு முடிவு. பயனரிடம் கேட்காமல், பயனரின் பெயரில் எடுக்கப்பட்ட முடிவு.

மொழியியல் மாணவர்களுக்கு இதில் ஒரு தனி எரிச்சல் இருக்க வேண்டும். சொல்வதே செய்வதாக அமையும் கூற்றுகளைப் பற்றி ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஆற்றிய உரைகள் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. கணினிப் பொத்தான் அத்தகைய கூற்றின் மிகத் தூய வடிவம்: ‘மூடு’ என்றால் மூடப்பட வேண்டும். தமிழில் மூடுவதும் நிறுத்துவதும் வேறு என்று ஒருவர் வாதிடலாம். மூடிய பானைக்குள்ளும் உலை கொதிக்கும். ஆனால் பானையை மூடுகிறவருக்கு அடியில் நெருப்பு எரிவது தெரியும். இங்கே நெருப்பு இருப்பதே மறைக்கப்படுகிறது.

இழப்பு என்ன என்று கேட்பவர்கள் ஆய்வு நடக்கும் இடத்திற்கு வந்து பார்க்கலாம். மடிக்கணினியில் பிராட் மென்பொருளைத் திறந்து ஒரு மூதாட்டியின் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார் ஓர் ஆய்வு மாணவர். மூடிவிட்டதாக அவர் நம்பிய செயலி மணியடிக்கிறது. மூதாட்டி பேச்சை நிறுத்துகிறார். மீண்டும் கேட்டால் சொல்வார். ஆனால் அதே தொடரை அதே இழுப்போடு சொல்லமாட்டார். ஒலியலையில் அந்த மணியோசை நிலையாகப் பதிந்துவிடுகிறது. பொது வாய்மொழித் தேர்வில், திரையில் அட்டவணை ஓடிக்கொண்டிருக்கும்போது, அறைத்தோழரின் கடன் கணக்கு மூலையில் எட்டிப்பார்ப்பதும் அவ்வாறு நிகழ்வதே. டிஸ்கார்ட், ஸ்லாக் போன்றவை எலக்ட்ரான் என்னும் கட்டமைப்பில் உருவானவை. அதாவது ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு முழு உலாவியைச் சுமக்கிறது. நான்கு ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் தரவுத்தொகுப்பைத் தேடுபவருக்கு அந்தச் சுமை புரியும்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு பச்சைப் புள்ளியால் நேர்வது. டீம்ஸ் ஒருவரது இருப்பைக் கணினியின் அசைவைக் கொண்டு கணிக்கிறது. ஐந்து நிமிடம் விசைப்பலகை அசையாவிட்டால் ‘வெளியே’ என்கிறது. அசைந்தால் ‘இருக்கிறார்’ என்கிறது. சாளரத்தை மூடிவிட்டு இரவு பதினொரு மணிக்கு ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதும் மாணவர், தன் தட்டச்சாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறார். தனிமையில் செய்யும் வேலை, பிறருக்குக் கிடைக்கும் வேளையாக அறிவிக்கப்படுகிறது. மறுநாள் துறையில் கேள்வி எழுகிறது: “ராத்திரி ஆன்லைன்லதானே இருந்தீங்க, ஏன் பதில் போடலை?” இந்தக் கேள்விக்கு மாணவரிடம் விடை இல்லை. அவர் இருந்தார் என்பது உண்மை. அங்கே இல்லை என்பதும் உண்மை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வழக்கமாக வரும். முதலாவது, செய்தி உடனே வந்துசேர வேண்டுமானால் செயலி விழித்திருக்கத்தான் வேண்டும் என்பது. நியாயம்தான். அந்த வேலையைச் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசி ஏற்கெனவே செய்கிறது. கணினியிலும் வேண்டுமென்பவர் கேட்டுப் பெறட்டும். இரண்டாவது, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாமே என்பது. நிறுத்தலாம். பணிப்பட்டையின் வலது ஓரத்திலுள்ள சிறு அம்புக்குறியைத் திறந்து, ஒளிந்திருக்கும் சின்னத்தை வலச்சொடுக்கி வெளியேற வேண்டும். அது இன்றைக்கு மட்டும். நாளையும் வராமலிருக்க டாஸ்க் மேனேஜரில் தொடக்கச் செயலிகளின் பட்டியலுக்குப் போய் முடக்க வேண்டும். பிறகு செயலியின் சொந்த அமைப்புகளுக்குள் சென்று பின்னணித் தெரிவை எடுக்க வேண்டும். மேக் கணினியில் சிவப்புப் புள்ளி சாளரத்தை மட்டுமே மூடும் என்பதைத் தெரிந்து, கமாண்ட் விசையோடு கியூவை அழுத்த வேண்டும். உள்ளே வர எந்தக் கதவையும் தட்டாதவரை வெளியே அனுப்ப மூன்று கதவுகளைத் தேட வேண்டியிருக்கிறது. இதைத் தேர்வுரிமை என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

பணி நேரத்திற்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 ஜனவரி முதல் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் 2018 இறுதியில் சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ஆகியிருந்தாலும் அது ஊழியர்களுக்கானது. மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளர் ஊழியரும் அல்லர். மாணவருக்குரிய விடுமுறையும் அவருக்கு இல்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயனரை ஏமாற்றும் வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டது. இடைமுகத்தைக் கொண்டு பயனரைத் திசைதிருப்புவது அவற்றுள் ஒன்று. மூடாத மூடும் பொத்தானை அந்த வகையில் வைத்து ஆராய வேண்டியது சட்டத்துறை மாணவர்களின் கடமை.

கோரிக்கைகள் எளியவை. பின்னணியில் இயங்கலாமா என்று செயலி நிறுவும்போதே கேட்க வேண்டும். விடை சொல்லாவிட்டால் ‘இல்லை’ என்று கொள்ள வேண்டும். பெருக்கல் குறி செயலியை முழுமையாக நிறுத்த வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் பச்சைப் புள்ளியை வருகைப் பதிவாகப் படிக்கக் கூடாது. காலக்கெடு உள்ள அறிவிப்புகள் மின்னஞ்சலில் வர வேண்டும். நெறியாளர்கள் மாணவரிடம் “ஆன்லைனில் இருந்தீர்களா” என்று கேட்பதற்குப் பதிலாக “எழுதினீர்களா” என்று கேட்கலாம்.

நிறுவனங்களும் துறைகளும் மாறும்வரை காத்திருக்க ஆய்வேட்டுக்கு நேரமில்லை. இன்றிரவு கோப்பைத் திறக்கும் முன், அந்தச் சிறு அம்புக்குறியைத் திறந்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வோர் ஆய்வு மாணவரும் பார்த்துவிட வேண்டும்.