ஏலம் முடிந்தது! பணம் முதலிலா, பார்சல் முதலிலா?

"ஒரு தரம்! இரண்டு தரம்! மூன்று தரம்!"

சுத்தியல் மேஜையில் விழும். பொருள் கைமாறும். பணமும் கைமாறும். அதோடு கதை முடிந்தது.

இது ஏலக் கூடத்தில் நடப்பது. இப்போது ஏலம் செல்போனுக்குள் வந்துவிட்டது.

மயிலாப்பூரில் இருக்கும் ஒருவர் தாத்தா காலத்துப் பித்தளை விளக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடையாறுக்காரர் 1,000 ரூபாய் என்கிறார். தியாகராய நகர்க்காரர் 1,200 என்கிறார். மதுரையில் இருந்து ஒருவர் 1,500 என்கிறார். இரவு 9 மணி. ஏலம் முடிந்தது.

விளக்கு மயிலாப்பூரில். பணம் மதுரையில். நடுவே 400 கிலோமீட்டருக்கு மேல். இவர் முகம் அவருக்குத் தெரியாது. அவர் முகம் இவருக்குத் தெரியாது.

முதலில் பணம் போக வேண்டுமா? விளக்கு வர வேண்டுமா?

சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் சரக்கு விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1930-ம் ஆண்டில் வந்த சட்டம். சுத்தியல் விழும்வரை ஏலம் கேட்டவர் பின்வாங்கலாம். விழுந்துவிட்டால் விற்பனை முடிந்தது என்கிறது அது. செல்போன் ஏலத்தில் சுத்தியல் ஏது? கடிகாரம்தான் சுத்தியல்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. இருவரும் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், சரக்கும் பணமும் ஒரே சமயத்தில் கைமாற வேண்டும். இந்தக் கையில் கொடு, அந்தக் கையில் வாங்கு என்பதுதான் அது.

தூரத்தில் இருப்பவர்கள் அதை எப்படிச் செய்வது?

அந்தக் காலத்தில் அதற்குத் தபால் இலாகா ஒரு வழி செய்தது. வி.பி.பி. என்று பெயர். 1877-ல் வந்தது. தபால்காரர் பார்சலோடு வருவார். பணத்தைக் கொடுத்தால்தான் பார்சல். அந்தப் பணம் மணியார்டரில் விற்றவருக்குப் போகும். புத்தகம், கைக்கடிகாரம், லேகியம் எல்லாம் அப்படி வீட்டுக்கு வந்தன.

அதிலும் சில கில்லாடிகள் இருந்தார்கள். ஆர்டர் கொடுப்பார்கள். பார்சல் வந்ததும் "வேண்டாம்" என்று திருப்பி விடுவார்கள். தபால் செலவு விற்றவர் தலையில்!

நடுவில் ஓர் ஆள்

இணைய ஏலத்துக்குப் பெயர் பெற்றது ஈபே. 1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கியது. அதில் முதலில் விற்றது என்ன தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு! விலை 14 டாலர் 83 சென்ட். "இது உடைந்தது என்று தெரியுமா?" என்று ஒமிடியாரே வாங்கியவரிடம் கேட்டார். "உடைந்த லேசர் விளக்குகளைத்தான் சேர்க்கிறேன்" என்று பதில் வந்தது.

விற்கிறவர் தாமாகவே குறையைச் சொல்லிக் கேட்டாரே, அதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் 2000-ம் ஆண்டில் பாசி டாட் காம் என்ற ஏலத் தளம் வந்தது. 2004-ல் அதை ஈபே வாங்கிக்கொண்டது. அங்கே பைசாபே என்ற ஏற்பாடு இருந்தது. வாங்குகிறவர் பணம் நேராக விற்றவர் கைக்குப் போகாது. நடுவில் நிற்கும். சரக்கு கிளம்பிய பிறகுதான் நகரும்.

2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது. நாணயம், தபால்தலை, பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் பலர் இன்று வாட்ஸ்அப், பேஸ்புக் குழுக்களில் ஏலம் விடுகிறார்கள். அங்கே நடுவில் ஆள் இல்லை. பணம் முதலில், பார்சல் பிறகு என்பதே வழக்கம்.

அந்த வழக்கத்தைத் தப்பென்று சொல்ல முடியாது. யு.பி.ஐ. மூலம் பணம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. பார்சல் போக நாள் ஆகும். ஆனால் முன்பின் தெரியாதவரை நம்பி முதலில் கொடுப்பவர் வாங்குகிறவர். அனுப்பிய பணத்தை அவர் தாமாகத் திரும்ப எடுக்க முடியாது. அந்த நம்பிக்கைக்கு விற்கிறவர் என்ன கொடுக்கிறார்?

வாய் திறக்காத விற்பனையாளர்

பலர் கொடுப்பது மௌனம்!

ஏலம் நடக்கும்போது நிமிஷத்துக்கு ஒரு செய்தி போடுவார். பணம் வந்ததும் ஆள் காணாமல் போவார். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் "நாளைக்கு". மறுநாள் கேட்டால் நீல நிறத்தில் இரண்டு கோடு மட்டும் தெரியும். படித்துவிட்டார், பதில் இல்லை.

அவர் மோசடிக்காரராக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் கல்யாணம் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும். நாலு நாள் தாமதத்தை யாரும் பொறுப்பார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டாமா? "வெள்ளிக்கிழமைதான் அனுப்ப முடியும்" என்று எழுத அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் இல்லாததால் மதுரைக்காரர் இரவெல்லாம் தூங்காமல் இருக்கிறார்.

பணம் வந்தவுடன் "வந்தது" என்று எழுத வேண்டும். கச்சேரி சாலைத் தபால் ஆபீசில் பார்சலைக் கொடுத்த அன்றே ரசீதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ரசீதில் 13 எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். அதை வைத்து பார்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று வாங்கியவரே பார்த்துக்கொள்வார். பழைய பதிவுத் தபாலும் 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது.

வாங்குகிறவர் மட்டும் யோக்கியமா?

இந்தப் பக்கமும் குறை உண்டு. ஆசையில் விலையை ஏற்றிவிட்டு, ஏலம் கிடைத்ததும் ஒளிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, இரண்டாவதாகக் கேட்ட தியாகராய நகர்க்காரரிடம் போனால், "வேறு விளக்கு வாங்கிவிட்டேனே" என்கிறார். விளையாட்டாகக் கேட்டவருக்கு நஷ்டம் இல்லை. மற்ற இருவருக்கும் நஷ்டம்.

பார்சல் கிடைத்ததும் "கிடைத்தது" என்று ஒரு வார்த்தை சொல்லாதவர்களும் உண்டு. விற்றவருக்கும் கவலை இருக்காதா?

ஈபேயில் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதி வைப்பார்கள். பதிலுக்கு விற்றவர் தம்மைத் திட்டி எழுதுவாரோ என்று வாங்கியவர்கள் பயந்தார்கள். ஆகவே 2008-ல், வாங்குகிறவரைப் பற்றி விற்றவர் குறை எழுதக் கூடாது என்று ஈபே தடை போட்டது. வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஏதும் கிடையாது. குழுவை நடத்துபவர்தான் நாட்டாமை.

வைக்கோலும் அட்டையும்

தபால் செலவை ஏலத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு "பார்சலுக்கு 400 ரூபாய்" என்பது விலையைக் கொல்லைப்புற வழியாக ஏற்றுவது. மூன்று பொருள் வாங்கியவருக்கு ஒரே பார்சல் கட்டிவிட்டு மூன்று தபால் செலவு வாங்குவதும் அப்படித்தான்.

கட்டுவதிலும் யோக்கியதை தெரியும். நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்கியவர்களுக்குத் தெரியும், மண் பொம்மையின் மூக்கும் விரலும் எவ்வளவு சுலபமாக உடையும் என்று. ஒரு பெட்டிக்குள் பொம்மை. அதைச் சுற்றி வைக்கோலோ பழைய பத்திரிகையோ. அதற்கு வெளியே இன்னொரு பெட்டி. குலுக்கிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. பழைய 78 சுற்று இசைத்தட்டு கீழே விழுந்தால் அப்பளம்தான். இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே அதை வைக்க வேண்டும்.

உடைந்து வந்தால் யார் பொறுப்பு? கூரியர்காரரிடம் கொடுத்தால் பொதுவாக வாங்குகிறவரிடம் கொடுத்ததற்குச் சமம் என்கிறது சட்டம். ஆனால் பொருளின் தன்மைக்கு ஏற்றபடி விற்றவர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மண் பொம்மையை துணிப் பையில் போட்டு அனுப்பிவிட்டு, "கூரியரைக் கேளுங்கள்" என்பது நியாயம் ஆகாது.

"பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் புகார் ஏற்போம்" என்கிறார்கள். சரி. கட்டும்போது விற்கிறவரும் ஒரு படம் எடுக்கட்டுமே!

சிங்கப்பூர் உறவினர் ஏலம் கேட்டால் ஒரு எச்சரிக்கை: 100 ஆண்டு ஆன நாணயம், சிலை போன்றவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுச் சட்டம் இடம் தராது.

பின் எண் ஜாக்கிரதை!

ஏலம் கேட்கிறவர் போல் வரும் திருடர்களும் உண்டு. "பணம் அனுப்புகிறேன், இந்தச் சதுரப் படத்தை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். போட்டால் பணம் வராது, போகும்! பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். சரக்கு விற்பனைச் சட்டம் வந்த ஆண்டும் அதே எண்தான். மறக்காது.

அடையாறுக்காரரே ஏலம் எடுத்திருந்தால் இத்தனை தொல்லை இல்லை. மயிலாப்பூருக்கு பஸ் ஏறி வந்து, விளக்கைத் தட்டிப் பார்த்து, பணத்தைக் கொடுத்து எடுத்துப் போகலாம். சட்டம் சொன்னபடி ஒரே சமயத்தில் இரண்டும் கைமாறும்.

அங்கேயும் சிலர் வாசலில் நின்று, "பாதத்தில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறதே, 100 ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். தேய்ந்தது படத்தில் தெரிந்திருந்தால், பேரம் பேச வேண்டியதில்லை. விளக்கை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, தியாகராய நகர்க்காரருக்கு ஒரு செய்தி போட்டுப் பார்க்கலாம்.