ஸ்விங் மேல் ஏற்றப்படும் பழி

ஜாவா மொழியில் மேசைக்கணினிச் செயலிகளை இயற்றுதற்கு 1998 முதல் துணைநிற்பது ஸ்விங் என்னுங் கருவித்தொகுதி. அதனால் அமைந்த செயலிகள் இடையிடையே உறைந்து நிற்கின்றன என்று பலர் பழிப்பர். அப்பழி பெரும்பாலும் இயற்றுவோர்க்கே உரியதென்பது எமது கருத்து.

பொத்தான் அழுத்தத்தை ஏற்றலையும் சாளரத்தை வரைதலையும் ஸ்விங் ஒரே செயலிழையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கின்றது. பெருங்கோப்பைப் படிக்கும் வேலையையும் அவ்விழையிலேயே ஏற்றினால், அது முடியுங்காறும் சாளரம் அசையாது. பயன்படுத்துவோர் தம் உழைப்பு அழிந்ததோவென்று அஞ்சுவர். நெடும்பணியைப் பின்னணியில் நடத்தற்கென்றே 2006-இல் வெளிவந்த ஜாவா 6-இல் ஸ்விங்வொர்க்கர் சேர்க்கப்பட்டது. பின் வந்த ஜாவாஎஃப்எக்ஸுக்கும் ஒற்றையிழை விதி உண்டாதலின், கருவியை மாற்றுதலால் மட்டும் இக்குறை நீங்காது.

மாணவ நண்பர்காள்! நீவிர் இயற்றும் செயலியை முதலிற் பெருங்கோப்பொன்றைக் கொண்டு சோதித்து, அதன்பின் பிறர் கையிற் கொடுப்பீராக.