விலைப்பட்டியலின் வெற்றிடமும் திண்டுக்கல் பூட்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்பொருள் விலைப்பட்டியல்களை வணிக வரலாற்றின் துணைச்சான்றுகளாகவே கருதி வருகிறோம். அவற்றின் காட்சியமைப்பும் பொருளுணர்த்தும் ஒரு பனுவலே என்பதும், தமிழாய்வு அதனைக் கற்க வேண்டும் என்பதும் இக்கருத்துரையின் துணிபு. அதற்குத் திண்டுக்கல் தக்க களம்.

இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் வட்டாரப் பூட்டுப் பட்டியல்களில் பூட்டு வெண்தாளின் நடுவே செதுக்குப்படமாகத் தனித்து நிற்கும். அருகே எண், அங்குல அளவு, விலை ஆகியன அமையும். செய்த கையும் பட்டறையும் அங்கே இல்லை. இதற்கு முன்மரபு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த பர்மிங்காம் பித்தளைப்பொருள் மாதிரிப் புத்தகங்கள் பலவற்றில் செய்தவர் பெயரே இராது. வாங்குவோர் இடைவணிகரை விடுத்து நேரே உற்பத்தியாளரை நாடாதிருக்க அது உதவியது. எனவே பட்டியலின் வெற்றிடத்தை அழகியலாக மட்டும் கொள்ளலாகாது.

பெயர் மறைதல் திண்டுக்கல்லுக்கும் புதிதன்று. இவ்வட்டாரப் புகையிலையில் உருவான சுருட்டு, உலகச் சந்தையில் ‘திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ எனவே அறியப்பட்டது. ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய 1887ஆம் ஆண்டுப் புதினத்தில், துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டு கண்டறிவதும் அப்பெயரையே. சாம்பலைப் பகுத்தறிந்த கூர்மைக்கும் விளைநிலத்தின் பெயர் எட்டவில்லை.

திண்டுக்கல் பூட்டுத் தொழிலோ வேறொரு பட்டியல் முறையைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, சதுரப் பூட்டு எனும் பெயர்கள் எண்ணை வேண்டுவதில்லை. வடிவையும் ஒலியையும் பெயரே காட்டிவிடுகிறது. 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும். பட்டறைச் சொற்களைக் காக்காது. இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் கைவினைஞர் குறைந்துவரும் நிலையில், அவர்களோடு அச்சொற்களும் மறையும்.

பழைய பட்டியல்களின் சிறப்பையும் மறுப்பதற்கில்லை. சீரான அளவு, ஐயமற்ற கோடு, வகைகளை ஒருங்கே ஒப்பிடும் வாய்ப்பு ஆகியன நாம் கொள்ளத்தக்கவை, பெயர்நீக்கம் தள்ளத்தக்கது. இவ்வட்டாரத் தமிழ்த்துறைகள் ஒவ்வொரு பூட்டையும் மூடியகற்றி வரைந்து, உறுப்புதோறும் பட்டறை வழக்கை எழுதிச் சேர்க்க வேண்டும். லீவர் முதலிய கடன்சொற்களையும் திருத்தாமல் வழங்கியவாறே பதிதல் வேண்டும். செய்தவர் இசைவுடன் அவர் பெயரும் படத்தின் கீழ் இடம்பெற வேண்டும். அருங்காட்சியகத்தில் பூட்டு எஞ்சலாம். அதன் உறுப்புகளைப் பெயர்சொல்லிக் காட்ட வல்லோர் இருக்கும்போதே இப்பணி தொடங்குதல் நம் கடன்.