ரெண்டு டேங்க் வண்டிக்கு பர்சனல் லோன் போடறதுக்கு முன்னாடி…



மாசம் பொறந்தா சம்பளம் வர்ற எல்லாருக்கும் ஊர்ல இருந்து ஒரு நாள் ஒரு போன் வரும். எனக்கு உளுந்தூர்பேட்டையில இருந்து வந்தது. பேசினது சித்தப்பா பையன்.

"அண்ணே, ஒரு வண்டி வந்திருக்குண்ணே. பழைய பிக்கப்தான், ஆனா ரெண்டு டேங்க். பெட்ரோல்லயும் ஓடும், கேஸ்லயும் ஓடும். செலவே இல்ல. மூணு ரூபா மட்டும் பேங்க்ல போட்டுக் குடுண்ணே, மாசா மாசம் நான் கட்டிடறேன்."

மூணு ரூபான்னா மூணு லட்சம். அப்ப நான் சி.ஏ. முடிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கையில நல்ல சம்பளம், நல்ல சிபில் ஸ்கோர். ஆப்ல நாலு தடவை தட்டினேன், பணம் வந்துடுச்சு. 14% வட்டி, 36 மாசம், இ.எம்.ஐ. ₹10,253. அடுத்தவங்க பேலன்ஸ் ஷீட்டை வரி வரியா பார்க்கிற நான், அந்த வண்டியோட ஆர்.சி.யை ஒரு தடவைகூட வாங்கிப் பார்க்கலை.

22 மாசம் ஒழுங்கா கட்டினான். அப்புறம் ஒரு நாள் லோடு இறக்கிட்டு வரும்போது வண்டியில தீப்பிடிச்சது. நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. வண்டி மட்டும் போச்சு. இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு தைரியமா இருந்தோம். சர்வேயர் வந்து பார்த்தார். வண்டியில கேஸ் சிலிண்டர் இருக்கு. ஆர்.சி.யில எரிபொருள்னு போட்டிருக்கிற இடத்துல "பெட்ரோல்"னு மட்டும் இருக்கு. பாலிசியிலயும் கிட் பத்தி ஒரு வரி இல்ல. க்ளெய்ம் நிராகரிப்பு. மீதி 14 மாச இ.எம்.ஐ., அதாவது ₹1,43,542, இல்லாத வண்டிக்கு நான் கட்டினேன்.

அதனால என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டாவது டேங்க் நல்ல விஷயம்தான். ஆனா அது ஆர்.சி.யில ஏறியிருக்கணும், போட்ட காசை எடுக்கிற அளவுக்கு வண்டி ஓடணும். இந்த ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் எவ்வளவு சல்லிசா வந்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

ரெண்டு டேங்க் எதுக்கு வந்தது?

அமெரிக்காவுல பழைய ஃபோர்டு பிக்கப் வண்டிகள்ல நிஜமாவே ரெண்டு பெட்ரோல் டேங்க் இருந்தது. டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச். முன் டேங்க் தீர்ந்தா பின் டேங்க்குக்கு மாத்திக்கலாம். பெரிய இன்ஜின் பெட்ரோலை குடிக்கும், பங்க்குக்கும் பங்க்குக்கும் நடுவுல தூரம் அதிகம், 1973 எண்ணெய் நெருக்கடியில பங்க்ல நீண்ட வரிசை வேற. அங்க அது தேவையா இருந்தது.

ஆனா ரெண்டு டேங்க்னா பம்ப், மிதவை, குழாய்னு எல்லாமே ரெண்டு செட். எந்த டேங்க்ல இருந்து எடுக்கணும், மிச்சத்தை எந்த டேங்க்குக்கு திருப்பி அனுப்பணும்னு முடிவு பண்ற வால்வு கெட்டுப்போச்சுன்னா, ஒரு டேங்க்ல இருந்து எடுத்து இன்னொரு டேங்க்ல கொட்டும். ஒண்ணு காலி, இன்னொண்ணு நிரம்பி வழியும். 1997 மாடல் எஃப்-150 வந்தப்போ ஃபோர்டு ஒரே டேங்க்குக்கு மாறிடுச்சு.

நம்ம ஊர் கதை வேற. உளுந்தூர்பேட்டையில சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் சேலம் ரோடும் சேருது. பங்க்குக்கு பஞ்சமே இல்ல. அதனால தூரத்துக்காக நமக்கு ரெண்டாவது டேங்க் தேவையில்ல. இங்க ரெண்டு டேங்க்னா பெட்ரோல் ஒண்ணு, கேஸ் ஒண்ணு. காரணம் விலை மட்டும்தான். விலைதான் காரணம்னா, கணக்கு போட்டுத்தான் வாங்கணும்.

அதுலயும் எல்லா ரெண்டு டேங்க்கும் ஒண்ணு இல்ல. மாருதி சூப்பர் கேரி சி.என்.ஜி. வண்டியில பெட்ரோல் டேங்க் வெறும் 5 லிட்டர். கேஸ் தீர்ந்தா அடுத்த பங்க் வரைக்கும் போய்ச் சேரத்தான் அது. 2022-ல வந்த டாடா இன்ட்ரா வி20 மாதிரி வண்டியில பெட்ரோல் டேங்க்கும் பெருசு. உங்க தம்பி மரவள்ளிக் கிழங்கோ கடுக்காயோ ஏத்த கல்வராயன் மலையில வெள்ளிமலை வரைக்கும் போய் வர்றவர்னா, கேஸ் தீர்ந்த பிறகு 5 லிட்டரை நம்பி மலை ஏறி இறங்க முடியாது. கேஸ்ல இன்ஜின் இழுவையும் கொஞ்சம் குறையும். லோடோட ஏத்தத்துல அது நல்லாவே தெரியும். வண்டி எந்த ரூட்ல ஓடப்போகுதுன்னு கேட்காம, "ரெண்டு டேங்க்"னு ஒரு வார்த்தையை வச்சு முடிவு பண்ணாதீங்க.

கிலோமீட்டர் கணக்கு

ஒரு உதாரணம் போடுவோம். உங்க ஊர் இன்னிக்கு விலையை நீங்க மாத்திப் போட்டுக்குங்க.

பெட்ரோல் லிட்டர் ₹100, லோடோட மைலேஜ் 15. அப்போ கி.மீ.க்கு ₹6.67.
சி.என்.ஜி. கிலோ ₹90, மைலேஜ் 20. கி.மீ.க்கு ₹4.50.
மிச்சம்: கி.மீ.க்கு ₹2.17.

கேஸ் வசதிக்காக நீங்க கூடுதலா குடுக்கிறது ஒரு லட்சம்னு வைங்க. அதை 14% வட்டியில 36 மாசத்துக்கு எடுத்தா இ.எம்.ஐ. ₹3,418. இந்த ₹3,418-ஐ கேஸ் மிச்சப்படுத்திக் குடுக்கணும்னா, மாசம் கிட்டத்தட்ட 1,580 கி.மீ. கேஸ்லயே ஓடணும். மாசத்துக்கு 26 நாள்னா, தினமும் 61 கி.மீ.

தினமும் விழுப்புரமோ கள்ளக்குறிச்சியோ போய் வர்ற லைன் வண்டின்னா இது சுலபம். வாரத்துக்கு மூணு நாள் ஊருக்குள்ள சிமென்ட் மூட்டை இறக்கிற வண்டின்னா நடக்காது. கேஸ் பங்க் எங்க இருக்கு, அங்க போய் வர எத்தனை கி.மீ., வரிசையில எவ்வளவு நேரம் நிக்கணும்ங்கிறதையும் சேர்த்துக்குங்க. கேஸ் போட மட்டும் 20 கி.மீ. சுத்தினா, அந்த 20-ம் செலவுதான்.

தம்பிகிட்ட "எவ்வளவு மிச்சமாகும்?"னு கேட்காதீங்க. "போன மூணு மாசம் எத்தனை கி.மீ. ஓட்டின?"னு கேளுங்க. முதல் கேள்விக்கு ஆசை பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு மீட்டர் பதில் சொல்லும்.

பேப்பர் கணக்கு

நான் கோட்டை விட்டது இங்கதான். பழைய வண்டியில கேஸ் கிட் இருந்தா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க:

1. ஆர்.சி.யில எரிபொருள் "பெட்ரோல்/சி.என்.ஜி."ன்னு இருக்கா? எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டாலே தெரிஞ்சுடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, அங்கீகரிக்கப்பட்ட கிட்டைத்தான் மாட்டணும், அதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதியணும்.

2. சி.என்.ஜி. சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒரு தடவை அழுத்தச் சோதனை கட்டாயம். சான்றிதழை வாங்கிப் பாருங்க, சிலிண்டர்ல இருக்கிற நம்பரோட ஒத்துப்போகுதான்னு பாருங்க.

3. பாலிசியில கிட்டோட மதிப்பு தனியா காட்டி, அதுக்கு பிரீமியம் கட்டியிருக்காங்களா? அந்த பிரீமியம் பெரிய தொகையே இல்ல. அதை மிச்சம் பிடிச்சுத்தான் நாங்க முழு வண்டியையும் இழந்தோம்.

4. எஃப்.சி. எப்போ முடியுது? லோடு வண்டிக்கு 8 வருஷம் வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். பதியாத கிட்டோட எஃப்.சி.க்கு போனா அங்கேயே மாட்டும். அதுக்காக கிட்டை கழட்டி வச்சுட்டு காட்டற ஆளுங்க இருக்காங்க. அவங்ககிட்ட வண்டியே வாங்காதீங்க.

5. வீட்டு சிலிண்டரை மாட்டி ஓட்டற வண்டின்னா பேச்சே வேண்டாம். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

"பதிவு பண்ணலை, அதனாலதான் நாப்பதாயிரம் கம்மி"ன்னு புரோக்கர் சொல்வார். அந்த நாப்பதாயிரம் தள்ளுபடி இல்ல. அவர் தலையில இருந்த ரிஸ்க்கை உங்க தலைக்கு மாத்தக் குடுக்கிற கூலி.

யார் பேர்ல லோன், யார் பேர்ல வண்டி?

அந்த ஃபோர்டு வால்வை ஞாபகம் வச்சுக்குங்க. ஒரு டேங்க்ல இருந்து எடுத்து இன்னொரு டேங்க்ல கொட்டும். லோன் உங்க பேர்ல, வண்டி தம்பி பேர்லன்னா நடக்கறது அதேதான். கடன் உங்களுக்கு, சொத்து அவருக்கு. ரெண்டு இ.எம்.ஐ. தவறினா விழறது உங்க சிபில். நாளைக்கு நீங்க வீட்டு லோனுக்கு போகும்போது பேங்க் மேனேஜர் உங்களைத்தான் கேட்பார், தம்பியை இல்ல.

"சரி, வண்டியையும் என் பேர்லயே போட்டுக்கறேன்"னு சொல்றீங்களா? அதுலயும் ரெண்டு விஷயம் இருக்கு. விபத்துல மூணாவது ஆளுக்கு அடிபட்டா நஷ்டஈடு கேஸ்ல உரிமையாளர்னு உங்க பேர் வரும். இன்னொண்ணு வரி. 1961 வருமான வரிச் சட்டத்தோட 44ஏஇ பிரிவுல, வாடகைக்கு ஓடற சின்ன லோடு வண்டிக்கு மாசம் ₹7,500 வருமானம்னு வச்சுக்குவாங்க. வருஷத்துக்கு ₹90,000. 20% ஸ்லாப்ல இருந்தா செஸ் சேர்த்து ₹18,720 வரி. லோன் வட்டியை தனியா கழிக்க முடியாது. "அவ்வளவு வரலை"ன்னு சொல்லணும்னா கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் வேணும். ஐ.டி.ஆர்.-1 போட முடியாது, ஐ.டி.ஆர்.-4 போடணும். 2025 புதுச் சட்டத்துல பிரிவு எண்தான் வேற, கணக்கு இதேதான்.

அப்போ உதவியே பண்ணக்கூடாதான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்லலை. நானும் ஊர்க்காரன்தான். சித்தப்பா எனக்கு ஃபீஸ் கட்டினவர், அவர் வீட்டுல இருந்து போன் வந்தா என்னால கட் பண்ண முடியாது. உதவற விதத்தை மட்டும் மாத்திக்குங்கன்னு சொல்றேன். வண்டி அவர் பேர்ல, வண்டி லோனும் அவர் பேர்ல இருக்கட்டும். முன்பணத்துல ஒரு பங்கை நீங்க குடுங்க. திரும்பி வரலேன்னாலும் தூக்கம் கெடாத தொகையா பார்த்துக் குடுங்க. உங்க ஆறு மாசச் செலவுக்கு வச்சிருக்கிற அவசர நிதியைத் தொடாதீங்க. இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை வேணும்னா வருஷா வருஷம் நீங்களே கட்டுங்க. என்னைக் கேட்டா அதுதான் பெரிய உதவி.

சித்தப்பா பையன் இப்போ மறுபடியும் வண்டி ஓட்டறான். இந்தத் தடவை கம்பெனியிலயே கேஸ் மாட்டி வந்த வண்டி, லோன் அவன் பேர்ல. நான் ஐம்பதாயிரம் குடுத்தேன். ஷோரூம்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினான். வண்டி போட்டோவா இருக்கும்னு திறந்தேன். இன்ஷூரன்ஸ் பேப்பர். கேஸ் கிட்னு இருந்த வரிக்குக் கீழ பேனாவுல கோடு போட்டிருந்தான்.

மேல போட்ட கிலோமீட்டர் கணக்கை எக்ஸெல்ல எப்படி போடறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டறேன். அதுக்குள்ள ஊர்ல இருந்து போன் வந்தா, "ஆர்.சி. போட்டோ அனுப்பு, பார்த்துட்டு பேசறேன்"னு மட்டும் சொல்லுங்க.