புறப்பட்ட இடமும் கடந்த வழியும்

சென்ற மாதம் பேரனை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் கிரிவலம் சென்றேன். ஆண்டுதோறும் உடன் வரும் என் மனைவி, இம்முறை முழங்கால் வலியால் இராஜகோபுர வாசலிலேயே அமர்ந்துவிட்டார், மனக்குறையோடுதான்.

ஈசான்ய லிங்கத்தைத் தரிசித்துத் திரும்புகையில் பேரன் கேட்டான்: “தாத்தா, 14 கிலோமீட்டர் நடந்தும் பாடப்புத்தகக் கணக்கில் நம் இடப்பெயர்ச்சி சுழிதான். உட்கார்ந்தே இருக்கும் பாட்டிக்கும் சுழிதான். பிறகு எதற்கு நடந்தோம்?”

குறும்பான கேள்விதான்; ஆயினும் தள்ளத்தக்கதன்று.

கடந்து வந்த பாதையின் முழு நீளம் தொலைவு. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடம் நேர்கோட்டில் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று சொல்வது இடப்பெயர்ச்சி. நடக்க நடக்கத் தொலைவு கூடுமேயன்றிக் குறையாது. இடப்பெயர்ச்சியோ கூடும், குறையும். தொடங்கிய இடத்திற்கே மீண்டால் அற்றுப்போகும்.

கிரிவலப் பாதையை ஒரு வட்டமாகவே கொள்வோம். நிருதி லிங்கத்தைக் கடந்து வருண லிங்கத்தை நெருங்கும்போது ஏறத்தாழப் பாதி வழி. நடந்தது 7 கிலோமீட்டர். இடப்பெயர்ச்சி சுமார் நாலரை கிலோமீட்டர். அந்த நேர்கோட்டிலோ அண்ணாமலையே நிற்கிறது. குறுக்கு வழி இல்லை. திரும்பினாலும் தொடர்ந்தாலும் இன்னும் 7 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். முதியோரை அழைத்துச் செல்வோர் இதனைப் புறப்படுமுன்னரே எண்ணிப் பார்த்தல் நலம். கால்கள் அறிவது தொலைவை மட்டுமே.

பாதி வழிக்குப் பின் வைக்கும் ஒவ்வோர் அடியும் தொலைவைக் கூட்டி, இடப்பெயர்ச்சியைக் குறைக்கிறது. வலம் வருதல் என்பது வேறோர் இடத்திற்குப் போவதன்று. இறைவனை வலப்புறம் கொண்டு சுற்றி வந்து, மீண்டும் அவன் வாசலிலேயே நிற்பது. ஆகவே அந்தச் சுழி குறையன்று; வலம் நிறைவுற்றதன் அடையாளம். பாதியில் நின்றவருக்கே இடப்பெயர்ச்சி மிஞ்சியிருக்கும்.

இதைச் சொல்லி முடிக்கையில் கோபுரவாசல் வந்துவிட்டது. பாட்டி பேரனின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “ரொம்ப வலிக்கிறதா, கண்ணா? இந்த வருஷம் எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை” என்றார்.

“கால்வலி எனக்குத்தான் பாட்டி, அது தொலைவின் கணக்கு” என்றான் அவன். “ஆனால் அவ்வளவு நடந்து நாங்கள் வந்து சேர்ந்தது, நீ உட்கார்ந்திருந்த இதே வாசலுக்குத்தானே?”

அவர் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினார்.