அழவும் வேண்டும், தேடவும் வேண்டும்

நாம் எதிர்பார்ப்பது ஒன்று, நடப்பது இன்னொன்று. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அப்படி நடக்கும்போது என்ன செய்வது என்று எமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் ஒரு மாணவி என்ற வகையில், இதைப் பெறுபேறு வந்த பிறகு அல்ல, இப்போதே கதைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அண்மைய ஆண்டுகளில் ஒவ்வொரு தடவையும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்வதோ 40,000 சொச்சம் பேரைத்தான். அதில் வைத்திய பீடத்துக்குச் செல்வோர் மிகச் சிறு தொகையினர். அப்படியானால், தகுதி பெற்றவர்களிலேயே பெரும்பாலானோருக்கு இடமில்லை. இதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பல் அல்ல, இடங்களின் எண்ணிக்கை.

வெட்டுப்புள்ளியும் அப்படித்தான். வைத்தியம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வசதி குறைந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தேவையான ஏற்பாடு. ஆனால் ஒரு மாவட்டத்தில் போதுமாக இருக்கும் இசட் புள்ளி, பக்கத்து மாவட்டத்தில் போதாமல் போகலாம். அந்த வருடம் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதிலும் அது தங்கியிருக்கிறது. படிப்பது எமது கையில் இருக்கிறது. வெட்டுப்புள்ளி எமது கையில் இல்லை.

இந்தக் கணக்கு அறிவுக்குப் புரிந்தாலும் மனதுக்கு உடனே புரிவதில்லை. என் ராத்தா உயிரியல் பிரிவில் படித்தவர். மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தார், ஆனால் வைத்திய பீடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த எல்லோரும், "அல்லாஹ்ட நாட்டம் மகள், அழக் கூடாது" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் ராத்தா கதைப்பதையே நிறுத்திவிட்டார். வாப்பும்மா மட்டும் பக்கத்தில் இருந்து, "அழுது முடிங்க மகள், பொறகு சாப்பிடுவம்" என்றார். அன்றுதான் ராத்தா வாய் திறந்து கதைத்தார்.

நம்மவர்கள் ஆறுதலுக்குச் சொல்லும் இன்னொரு கதை அப்துல் கலாமுடையது. விமானியாக ஆசைப்பட்டார். எட்டுப் பேரை எடுத்த நேர்முகத் தெரிவில் ஒன்பதாவதாக வந்தார். பிறகு விஞ்ஞானியாகி, இந்தியாவின் ஜனாதிபதியும் ஆனார். உண்மையான, அழகான கதை. ஆனால் அழுதுகொண்டிருப்பவளிடம் அதைச் சொல்லும்போது, ஒரு பெரிய எதிர்பார்ப்பை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய ஒன்றை அவள் தலையில் வைக்கிறோம். தோற்ற எல்லோரும் கலாம் ஆக வேண்டியதில்லை. ஒரு நல்ல ஆசிரியையாக, தாதியாக, கணக்காளராக ஆனாலும் போதும்.

எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாறு. அழகிய பொறுமைக்கு உதாரணமாக நாம் சொல்லும் அவர்கள், மகன் யூஸுஃபை நினைத்துக் கண் பார்வை மங்கும் வரை கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையை ஈமானின் குறைவு என்று எவரும் சொல்வதில்லை. அதே நேரம், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கையிழக்காமல் சென்று தேடும்படி தம் பிள்ளைகளை அனுப்பியதும் அவர்கள்தான். பொறுமை என்றால் அழாமல் இருப்பதல்ல. கை கட்டிக்கொண்டு இருப்பதும் அல்ல.

தேடுவதற்கு வழிகள் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடநெறிகள் உள்ளன. எங்களில் பலர் அதில் இரண்டு மூன்றின் பெயரைத்தான் அறிவோம். கல்வியியற் கல்லூரிகள், தாதியர் பயிற்சிக் கல்லூரிகள், திறந்த பல்கலைக்கழகம் என்பனவும் உண்டு. என் ராத்தா இன்று கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியையாகப் பயிற்சி பெறுகிறார். பழைய கவலை முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வைத்திய பீடத்துத் தோழிகளைக் கண்டால் இன்னும் ஒரு கணம் முகம் மாறும். ஆனாலும் மறுநாள் வகுப்புக்கான பாடக்குறிப்பை ஆசையோடுதான் எழுதுகிறார்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண் பிள்ளைக்குப் பெறுபேறு குறைந்தால், "இன்னொரு தடவை எழுதுங்க" என்கிறோம். பெண் பிள்ளைக்குக் குறைந்தால் பல வீடுகளில் அந்த மாதமே கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. திருமணம் நல்ல விடயம். ஆனால் அது பெறுபேற்றுக்கு மருந்து அல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை முயற்சி செய்யும் உரிமை மகனுக்கு இருப்பது போலவே மகளுக்கும் இருக்கிறது.

தோழிகளே, பரீட்சைக்கு முன்பே ஒரு நாள் வீட்டாரோடு உட்கார்ந்து அந்தக் கைந்நூலைத் திறந்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்று வழிகளையாவது எழுதி வையுங்கள். முதலாவது கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டால் அழுங்கள். பிறகு முகம் கழுவிக்கொண்டு இரண்டாவதைத் தேடுங்கள்.